மரக்காணம் கரையில் கயாக்: அலையைத் தாண்டிப் போகவும் திரும்பி வரவும்

திண்டிவனத்திலிருந்து மரக்காணத்துக்கும், விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி வழியாகக் கோட்டக்குப்பத்துக்கும் விடிவதற்குள் வண்டியில் போய்ச் சேர்ந்துவிடலாம். அந்தச் சௌகரியத்தாலேயே மீன்பிடி கயாக் வாங்கிக் காரின் மேல் கட்டிக்கொண்டு வரும் இளைஞர்களை இந்தக் கரைகளில் இப்போது பார்க்க முடிகிறது. அவர்கள் கேட்பதெல்லாம் எந்தத் தூண்டில் நல்லது, வஞ்சிரம் எந்த மாதம் கிடைக்கும், எத்தனை பாக ஆழத்தில் பாறை மீன் நிற்கும் என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எப்படிக் கரையேறப் போகிறீர்கள்?

துடுப்புப் போட்டுப் போகிறவருக்கு அலை உடையும் கரையோரத்தில்தான் விபத்துகள் எளிதில் நடக்கின்றன. அதிலும் போகும்போதைவிடத் திரும்பும்போதுதான் அடி அதிகம். போகையில் அலை கண்ணெதிரே வருகிறது, திரும்புகையில் முதுகுக்குப் பின்னால் வருகிறது. போகையில் கையில் வலு இருக்கிறது, திரும்புகையில் பல மணி நேர வெயில் அதை உறிஞ்சிவிட்டிருக்கிறது. போதாததற்கு, காலை ஆறு மணிக்கு நீங்கள் தாண்டிய அலை பதினோரு மணிக்கு அதே அளவில் இருப்பதில்லை. பதினோரு மணிக்கு இந்த இடத்தில் எப்படி ஏறுவேன் என்பதற்குத் தெளிவான பதில் இல்லையென்றால் ஆறு மணிக்கு இறங்காதீர்கள். இனி நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒரு விதியின் விரிவுதான்.

அலையைத் தாண்டும் வேலை நம் கரைக்குப் புதிதில்லை. சென்னையில் துறைமுகம் எழும்புவதற்கு முன், கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்க, ஆட்களையும் சரக்கையும் அலைக்கு ஊடாகக் கரை சேர்த்தவை மசூலா படகுகள். கடிதங்களைக் கப்பலுக்கும் கரைக்கும் கொண்டுபோனவர்கள் கட்டுமரக்காரர்கள். மசூலா கயிற்றால் தைத்த பலகைப் படகு, தரையில் மோதினால் வளைந்து கொடுக்கும். கட்டுமரமோ மரக்கட்டைகளைச் சேர்த்துப் பிணைத்தது. அலை மேலே விழுந்தாலும் இடுக்குகள் வழியே நீர் வடிந்துவிடும், முழுகாது. மேலே உட்கார்ந்து ஓட்டும் கயாக் இதே தத்துவத்தில்தான் செய்யப்பட்டிருக்கிறது. உட்காரும் தளத்தில் மேலிருந்து கீழ்வரை போகும் துளைகள் விழுந்த நீரை வடித்துவிடுகின்றன. வங்கக் கடலில் தூண்டில் போட இந்த வகையைத்தான் வாங்க வேண்டும். கால்களை உள்ளே நுழைத்து உட்காரும் வகை, ஓர் அலை உள்ளே புகுந்தால் தொட்டியாகிவிடும். அதிலிருந்து மீளத் தனிப் பயிற்சி வேண்டும்.

ஒரு வேற்றுமையை மட்டும் மறக்கக் கூடாது. கட்டுமரம் உள்ளும் புறமும் மரம். கயாக்கின் வயிறு வெற்றிடம். அமரத்தில், அதாவது பின்தலையில், நீர் வடிக்கும் சிறு திருகுமூடி ஒன்று இருக்கும். அதைக் கழற்றி மறையில் விரலை வைத்துச் சுழற்றிப் பாருங்கள். நாலைந்து மணல் துகள் ஒட்டியிருந்தாலும் மூடி முழுதாக அமராது, ரப்பர் வளையம் ஒருபக்கம் தூக்கிக்கொள்ளும். அதன் வழியே சொட்டுச் சொட்டாகப் புகும் நீர் சில மணி நேரத்தில் பல லிட்டராகிவிடும். உள்ளே அலையும் அந்தக் கனம், திரும்பி வரும்போது சின்ன அலையிலேயே கயாக்கைச் சாய்த்துப் போடும். நல்ல தண்ணீரால் மறையைக் கழுவி, மூடியைத் திருகி, சரக்கு வைக்கும் மூடிகளையும் ஒருமுறை அழுத்திப் பார்த்த பிறகுதான் கயாக் நீரைத் தொட வேண்டும்.

அடுத்து இடம். கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று புதுச்சேரியை ஒட்டி வடக்கே போகும் கரை இயல்பான கரை இல்லை. 1980-களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டபின், தெற்கேயிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் அங்கே தடைப்பட்டது. வடக்கேயிருந்த கரைகள் அரிக்கப்பட்டன. அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டினார்கள், கடலுக்குள் நீளும் கல்வரிசைகளான தூண்டில் வளைவுகள் போட்டார்கள். அலை விளையாட்டுக்காரர்களுக்கு அங்கே சில இடங்கள் பிடித்திருக்கின்றன. செரினிட்டி கடற்கரையில் சர்ஃபிங் சொல்லிக்கொடுக்கும் பள்ளியே நடக்கிறது. ஆனால் கனமான மீன்பிடி கயாக்கோடு வருகிற புதியவருக்கு அந்தக் கல்வரிசைகள் பொல்லாதவை. கரையில் மோதிய நீர் கல்லை ஒட்டித்தான் கடலுக்குத் திரும்பும். அந்த இடத்தில் அலை குறைவாகத் தெரியும், இறங்க வாகான வழிபோலத் தோன்றும். போவதற்கு அது உதவவும் செய்யும். திரும்பும்போது அதே ஓட்டம் எதிராக நிற்கும், பக்கத்திலேயே கல் இருக்கும்.

நான் சொல்வது மரக்காணத்தையொட்டிய, கல் இல்லாத நீண்ட மணல்கரை. அங்கேயும் கழுவெளிச் சதுப்புநிலத்து நீர் கடலோடு சேரும் முகத்துவாரத்தை விட்டு நன்றாகத் தள்ளி இறங்குங்கள். நீர் வற்றும் நேரத்தில் உள்ளிருந்து வரும் ஓட்டமும் வெளியிலிருந்து வரும் அலையும் மோதி, மணல்திட்டின் மேல் ஒழுங்கில்லாமல் எழும். அந்த அலைக்கு நேரமும் கிடையாது, திசையும் கிடையாது. கழுவெளி 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது என்பதால் அதற்குள் கயாக் விடுவதும் தூண்டில் போடுவதும் வனத்துறையிடம் கேட்காமல் செய்யக்கூடியவை அல்ல.

எந்தக் குப்பத்தில் இறங்கினாலும் முதல் வேலை, கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பவரிடம் போய், “அண்ணே, இன்னைக்குக் கடல் எப்படி இருக்கு? இந்தப் பக்கம் இறக்கலாமா?” என்று கேட்பது. இது வெறும் மரியாதை இல்லை. எங்கே வலை விட்டிருக்கிறார்கள், எந்த இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது, நீவாடு, அதாவது நீரோட்டம், வடக்கே இழுக்கிறதா தெற்கே இழுக்கிறதா என்பதெல்லாம் அவர் வாயில்தான் இருக்கிறது. “இன்னைக்கு வேணாம் தம்பி” என்று அவர் சொன்னால் கயாக்கை வண்டியிலிருந்து இறக்கவே வேண்டாம். அன்று ஃபைபர் படகுகளே மணலில் கிடந்தால் கேட்கவும் தேவையில்லை.

பருவத்தைப் பொறுத்தவரை, தொடங்குபவர்களுக்கு ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலைகள்தாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயலும், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயலும் இந்தக் கரைக்குச் செய்ததை விழுப்புரம் மாவட்டத்தாருக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. புயல் இல்லாத நாளிலும் அந்த மாதங்களில் அலை உயரமாக இருக்கும், அலைகளுக்கு இடையே இடைவெளி குறைவாக இருக்கும்.

கோடையில் இரண்டு ஏமாற்றுகள் உண்டு. ஒன்று, காற்றே இல்லாத நாளில் வரும் பெரிய அலை. தெற்கே இந்தியப் பெருங்கடலின் கோடியில் எழுந்த புயல்களின் அலை, பல நாள் பயணம் செய்து இங்கே வந்து சேர்கிறது. கள்ளக்கடல் என்று அதற்குப் பெயர். ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் இதற்குத் தனி எச்சரிக்கை விடுகிறது. 2024 மே 6-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி உயிரிழந்தது அப்படியொரு எச்சரிக்கை நடப்பில் இருந்த நாளில்தான். முதல்நாள் இரவே இன்காய்ஸின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். ‘சமுத்ரா’ செயலியிலும் கிடைக்கும்.

இன்னொன்று, ஜூன், ஜூலையில் காலை நேரத்து மேல்காற்று. கரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பதால் கரையோர நீர் தட்டையாக, அழகாக இருக்கும். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய்த் திரும்பிப் பார்க்கும்போதுதான் அந்தக் காற்று உங்களை வெளியே தள்ளிக்கொண்டிருப்பது தெரியும். அலை இல்லாத கடல் பாதுகாப்பான கடல் என்று யாரும் உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். தென்னை மட்டை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள்.

கடற்காற்று வெயில் ஏறியபின் முன்பகலிலோ நண்பகலிலோ எழும்பும். ஏப்ரல் தொடங்கி அது பலமாகிவிடும். ஆகவே கரையேறும் நேரத்தைக் கடிகாரத்தில் வையுங்கள், மீனிடம் விடாதீர்கள். பத்து மணி என்று முடிவு செய்தால், பத்துக்குக் கொத்து நன்றாக இருந்தாலும் பத்துக்குத் திரும்ப வேண்டும். எனக்குத் தெரிந்து இந்த ஒன்றைத்தான் எல்லோரும் மீறுகிறார்கள்.

இறங்குமுன் அரை மணி நேரம் மணலில் உட்கார்ந்து அலையைப் பாருங்கள். செல்பேசியை எடுத்தால் கடிகாரத்துக்காக மட்டும் எடுங்கள். அலைகள் கூட்டம் கூட்டமாக வரும்: சில பெரிய அலைகள், பிறகு ஓர் அமைதி, மறுபடி பெரியவை. அமைதி எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கூட்டத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நாலைந்து கூட்டமாவது போகட்டும். அலை எங்கே உடைகிறது என்பதும் முக்கியம். ஒரு மீட்டர் உயர அலை ஏறக்குறைய 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும். ஆகவே தூரத்தில் வெள்ளையாக உடைந்தால் அங்கே மணல்திட்டு இருக்கிறது, அதற்கும் கரைக்கும் இடையே பள்ளம் இருக்கிறது என்று பொருள். நம் கரை செங்குத்தாகச் சரிவதால் நீர் ஏறியிருக்கும் நேரத்தில் திட்டின் மேல் உடையாத அலை நேராகக் கரையில் வந்து கவிழ்ந்து விழும். அந்தக் கரையலை உயரம் குறைவாக இருந்தாலும் கயாக்கை மணலில் குத்திவிடும். அதை ஏற்றத்திலும் வற்றத்திலும் ஒருமுறை பார்த்துவைத்துக்கொள்வது நல்லது. உங்கள் முழங்காலுக்கு மேல் உயரும் கரையலையில் முதல் முறை இறங்க வேண்டாம். இடுப்பளவு அலை பழகியவர்களுக்கு. அதற்கு மேல் யாருக்கும் தேவையில்லை.

கட்டும் முறைக்கு வருவோம். அலையைத் தாண்டும்வரை தளத்தின் மேல் எதுவும் நிற்கக் கூடாது. தூண்டில் கோல்களைக் கழற்றி உள்ளே வையுங்கள். உள்ளே போகாதவற்றைப் படுக்கவைத்து இரண்டு இடத்தில் இறுக்குங்கள். முதுகுக்குப் பின்னால் குத்திட்டு நிற்கும் கோல், கவிழும்போது ஈட்டி. கொக்கிகளெல்லாம் பெட்டிக்குள் போகட்டும். நங்கூரக் கயிறு தளத்தில் சுருண்டு கிடக்கக் கூடாது. துடுப்பைக் கயாக்கோடு பிணைக்கும் வார் ஆழத்தில் நல்லது, அலைக்குள் காலையும் கழுத்தையும் சுற்றும். அதைக் கழற்றி வைத்து, வெளியே போனபின் மாட்டுங்கள். உங்களைக் கயாக்கோடு எதாலும் கட்டிக்கொள்ளவே கூடாது. சுக்கானையும் மிதிவிசையின் துடுப்பிலைகளையும் மேலே தூக்கிவையுங்கள். மிதவைச் சட்டையைப் போட்டு, தோள்பட்டை இரண்டையும் பிடித்து ஒருவரைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறினால் அது உங்கள் அளவில்லை. செல்பேசி நீர் புகாத உறையில் உங்கள் உடம்பில் இருக்கட்டும், கயாக்குக்குள் வேண்டாம். தலைக்கவசம் அவசியம். அதை வேண்டாம் என்பவர்கள் காலிக் கயாக் ஒன்று அலையில் உருண்டு வருவதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இறங்கும்போது அணியம், அதாவது முன்தலை, அலைக்கு நேரெதிராக இருக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் நுரை அதைத் திருப்பிவிடும். முழங்காலளவு நீரில் கயாக்கின் பக்கவாட்டில், இருக்கைக்கு அருகே நில்லுங்கள். கயாக்குக்கும் கரைக்கும் நடுவில் எந்நேரமும் நிற்கக் கூடாது. முப்பது கிலோ கயாக்கை அலை உங்கள் முழங்காலில் கொண்டுவந்து மோதும். பெரிய கூட்டத்தின் கடைசி அலை நுரையாகக் கடந்ததும் ஏறி உட்கார்ந்து, காலைக்கூடச் சரிசெய்யாமல் துடுப்பைப் போடுங்கள். வேகம்தான் உங்கள் சமநிலை. நுரை வரும்போது நிறுத்துகிறவர்கள்தான் கவிழ்கிறார்கள். உடலை முன்னே வளைத்து, துடுப்பின் தட்டையை நுரைக்கு அப்பால் ஊன்றி, உங்களை அதன் மேல் இழுத்துக்கொள்ளுங்கள். துடுப்பை மார்புக்குக் குறுக்கே தூக்கிப் பிடித்தால் அலை அதைப் பல்லில் அடிக்கும்.

எதிரே ஓர் அலை எழுந்து இன்னும் உடையாமல் நின்றால் ஒரே ஒரு முடிவுதான் எடுக்க வேண்டும்: உடைவதற்குள் முகட்டைத் தாண்டிவிடலாம் என்றால் முழு பலத்தோடு போங்கள். முடியாதென்றால் இரண்டு மூன்று கயாக் நீளம் தள்ளியே நிறுத்தி, அது உடைந்து நுரையாகட்டும், பிறகு முட்டுங்கள். நடுவில் தயங்கினால் அலை சரியாகத் தலையில் விழும். தாண்டியபின் உடனே தூண்டிலை எடுக்காதீர்கள். இன்னும் ஒரு ஐம்பது மீட்டர் போய்த் திரும்பிக் கரையைப் பாருங்கள். எதற்கு நேராக இறங்கினீர்கள்? ஒரு தென்னங்கூட்டம், கோயில் கோபுரம், நீர்த்தொட்டி என்று இரண்டு அடையாளம் மனத்தில் ஏறட்டும். கடலிலிருந்து பார்த்தால் எல்லாக் குப்பமும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இனி கரையேற்றம். ஃபைபர் படகுக்காரர்கள் வருவதைப் பார்த்திருப்பீர்கள்: அலை உடையும் கோட்டுக்கு வெளியே நின்று, ஒரு பெரிய அலையைப் போகவிட்டு, அதன் முதுகின் பின்னால் எஞ்சினை முழுக்கத் திருகி மணலில் ஏறிவிடுவார்கள். அதே வேலையைத் துடுப்பால் செய்துவிடலாம் என்று நினைப்பதுதான் தவறு. 1.3 மீட்டர் ஆழத்தில் அலை மணிக்கு ஏறக்குறைய 13 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நிறைய சரக்கோடு இருக்கும் மீன்பிடி கயாக்கை நீங்கள் மணிக்கு 7 கிலோமீட்டருக்கு மேல் தள்ளுவது கடினம். அலை 60 மீட்டர் தள்ளி உடைகிறது என்றால் அந்தத் தூரத்தைக் கடக்க உங்களுக்கு அரை நிமிடம் வேண்டும். அலைக்கு அலை பத்து விநாடி இடைவெளி என்றால் அந்த அரை நிமிடத்தில் ஓர் அலையாவது உங்களைப் பின்னாலிருந்து பிடித்துவிடும். முந்தவே முடியாது. அது சின்ன அலையாக இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் உங்களால் ஆகக்கூடியது. காலையில் அமைதியின் நீளத்தைக் குறித்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான்.

உடையும் கோட்டுக்கு நன்கு வெளியே நின்று, முதலில் எல்லாவற்றையும் மறுபடி கட்டுங்கள். கோல்கள் உள்ளே, துடுப்பு வார் கழற்றி, சுக்கான் மேலே. பக்கவாட்டில் கோத்துத் தொங்கவிட்ட மீனை எடுத்து உள்ளே போடுங்கள். பிறகு அணியத்தைக் கடல் பக்கம் திருப்பி, வரும் கூட்டங்களை எண்ணுங்கள். அவசரம் வேண்டாம். கூட்டத்தின் கடைசி அலை உங்களைக் கடந்ததும் திரும்பி அதன் முதுகைத் தொடர்ந்து போங்கள். அதன் மேல் ஏறாதீர்கள். ஒவ்வொரு மூன்று இழுப்புக்கும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். பின்னால் ஓர் அலை அமரத்தைத் தூக்கத் தொடங்கினால், பின்னோக்கித் துடுப்புப் போட்டு உடலைப் பின்னே சாய்த்து, அதைக் கீழே நழுவிப் போகவிடுங்கள். அதன் முகத்தில் சறுக்கினால் அணியம் மணலில் குத்தும், அமரம் உங்கள் தலைக்கு மேலாக வரும்.

எவ்வளவு கவனித்தாலும் சில நேரம் கயாக் குறுக்காகத் திரும்பிவிடும். அப்போது உடம்பு தானாகக் கரைப் பக்கம் சாயப் பார்க்கும். அதுதான் கவிழ்க்கும். அலை வரும் பக்கமாக, கடலை நோக்கிச் சாயுங்கள். துடுப்பின் தட்டையை நுரையின் மேல் படுக்கவைத்து அதில் எடையைப் போடுங்கள். பக்கவாட்டாகவே அலை உங்களைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். பயமாக இருக்கும், ஆனால் வேலை செய்யும். கரையலை செங்குத்தாக விழும் நாளில் புதியவர்களுக்கு நான் சொல்வது பின்பக்கமாக ஏறும் முறை. அணியம் கடலை நோக்கியே இருக்கட்டும். அலைகளுக்கு இடையில் பின்னோக்கித் துடுப்புப் போட்டு நகருங்கள். ஒவ்வொரு அலைக்கும் இரண்டு இழுப்பு முன்னே போட்டு அதை எதிர்கொள்ளுங்கள். மெதுவான முறைதான், ஆனாலும் வருகிற அலையை நீங்கள் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள்.

தொடையளவு நீருக்கு வந்ததும் இரண்டு காலையும் கடல் பக்கமாகத் தொங்கவிட்டு இறங்கி, கைப்பிடியைப் பிடித்து அடுத்த அலை வருவதற்குள் மேட்டுக்கு இழுத்துவிடுங்கள். இந்தக் கடைசி ஐந்து மீட்டரில் எழுந்து நின்று மூச்சு வாங்குவதும் துடுப்பைக் கீழே வைப்பதும் கூடாது. திரும்பிப் போகும் நீர் காலடி மணலை அரித்துக்கொண்டே கயாக்கையும் இழுக்கும். கைப்பிடிக் கயிற்றின் வளையத்துக்குள் விரலை விடாதீர்கள். கயாக் உருண்டால் விரல் முறியும்.

கவிழ்ந்துவிட்டால் அலைக்குள்ளேயே மறுபடி ஏற முயல வேண்டாம். நீங்கள் கடல் பக்கம், கயாக் கரைப் பக்கம் என்று மாறிக்கொண்டு, அது முன்னே போக நீங்கள் பின்னே நீந்துங்கள். பெரிய அலை வந்தால் கயாக்கை விட்டுவிடுங்கள், அது மணலுக்குத் தானே போய்ச் சேரும். கடல் உள்ளே இழுக்கிறது என்று தெரிந்தால் எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, அலை உடையும் இடத்துக்கு வந்து அதோடு வாருங்கள். ஆழத்தில் கவிழ்ந்தால் திருப்பிப் போட்டு ஏறத் தெரிந்திருக்க வேண்டும். இதை முதலில் நீச்சல் குளத்திலோ அமைதியான நீரிலோ, துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு, மூச்சு வாங்கும்வரை பழகுங்கள். பிறகு தூண்டிலே இல்லாமல், காலிக் கயாக்கோடு, அலைக்குள் போவதும் வருவதும் மட்டுமே வேலையாகச் சில காலைகளைக் கழியுங்கள். அது வராமல் மீனைப் பற்றி யோசிப்பது வீண்.

இரண்டு பேராகப் போகும்போது ஒருவர் ஒருவராகத்தான் அலைக்குள் நுழைய வேண்டும். முதலில் கரையேறியவர் தன் கயாக்கை மேட்டில் போட்டுவிட்டு, மற்றவர் வரும் வழியிலிருந்து ஒதுங்கி நின்று, அவர் இறங்கியதும் கைப்பிடியைப் பிடிக்கட்டும். தனியாகப் போகிறவர் கரையிலோ வீட்டிலோ ஒருவரிடம் எந்தக் குப்பத்தில் இறங்குகிறேன், கயாக் என்ன நிறம், எத்தனை மணிக்குள் ஏறுவேன் என்பதை எழுதியே கொடுத்துவிட வேண்டும். சொன்ன நேரத்துக்கு மேல் அரை மணி ஆகியும் அழைப்பு வரவில்லையென்றால் அவர் முதலில் அந்தக் குப்பத்து மீனவர்களைக் கூப்பிடட்டும், கூடவே கடலோரக் காவல்துறைக்கு 1093, இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554. இந்த இரண்டு எண்களையும் அந்தச் சீட்டிலேயே எழுதிவையுங்கள்.